யாரும் அப்பீல் செய்யாத பந்து

இன்னும் ஐந்து ஓவர். ஐந்து ஓவர் கழிந்தால் தண்ணீர் இடைவேளை. ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்கிற அந்த மூன்று நிமிஷத்தில், தமிழில் ஆட்டம் பார்க்கிற அத்தனை வீடுகளிலும் வத்சனின் சாயம் வெளுத்துவிடும். தணிகாசலம் வர்ணனை அறையின் கண்ணாடி வழியே மைதானத்தைப் பார்த்தபடி, காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். அந்தப் பஞ்சு எப்போதும் அரிக்கும். அறைக்குள் ஏசி குளிர், கண்ணாடிக்கு வெளியே சேப்பாக்கத்து வெயில். பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவத்சன் ஒரு டப்பாவைத் திறந்து, இருமல் வந்தால் அமுக்குகிற பொத்தானை அமுக்கி மைக்கை மூடிவிட்டுத் தட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். கடிப்பதும் ஒரு ஒழுங்கோடுதான். பந்து வீசப்படும்போது வாயில் ஒன்றும் இருக்காது. பந்து முடிந்ததும் ஒரு துண்டு. பழைய விக்கெட் கீப்பர் புத்தி. பந்தை விட்டுக் கண் எடுக்காமல் மற்ற காரியங்களையும் பார்த்துக்கொள்கிற புத்தி. "இந்தாடா தணி, பொண்டாட்டி பண்ணினது, கருவேப்பிலை தூக்கலா இருக்கும்" என்று டப்பாவை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தார். இன்றைக்கு இவன் கையால் ஒன்றும் தின்னக் கூடாது. தின்றுவிட்டால் பிறகு கேட்கிற கேள்வியில் சுருதி இறங்கிவிடும். காதுக்குள் மெர்லின், கீழே வண்டிக்குள் இருபது திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒளிபரப்பை நடத்துகிற பெண், "சார், இடைவேளைக்கு உங்க கிளிப் ரெடி" என்றாள். "உங்க கிளிப்" என்கிற இரண்டு வார்த்தையும் வெல்லம் மாதிரி இருந்தன.

ஒன்பது விநாடி. ஒரு வாரமாகத் தன் போனில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பார். பந்து வீசுகிற முனைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், இதே மைதானம், நியூசிலாந்தோடு டெஸ்ட், இரண்டாம் நாள் சாயந்திரம். அவருடைய முதுகு தெரியும், கை சுழலும். பந்து லாம்பர்ட்டின் மட்டையை நோக்கிப் போகும். திரும்ப வேண்டிய பந்து திரும்பாமல் நேரே போகும். அந்த நேர்ப் பந்தைக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று அவருக்கு. ஆஃப் ஸ்பின் போடுகிறவன் கையில் அது ஒரு ஒளித்துவைத்த கத்தி. லாம்பர்ட் அப்போது பதினொரு ரன். ஏமாந்தான். மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு பந்து வத்சனின் கையுறைக்குள் போய் அடங்கியது. அன்றைக்குக் கூட்டம் பாட்டிலைத் தட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு, ஸ்டம்புக்குள் இருந்த பழைய மைக்கின் ஒலியை எடுத்துக் கூட்டத்தைத் துடைத்துவிட்டுப் போட்டால் தெளிவாக விழுகிறது: "டிக்". நகத்தை மேஜையில் ஒரு தடவை தட்டினாற்போல. அவ்வளவுதான். கையுறைகள் மார்பு வரை ஏறுகின்றன. நிற்கின்றன. இறங்குகின்றன. ஃபீல்டிங் செய்கிற பதினொரு பேரில் ஒருவனாவது அப்பீல் செய்தால்தான் அம்பயர் அவுட் கொடுக்க முடியும், இது சட்டம். உலகத்துக்கே தெரிந்தாலும் கேட்பார் இல்லாவிட்டால் அவர் விரலைத் தூக்க மாட்டார். கீப்பர்தான் முதல் சாட்சி. இருபது கஜம் தள்ளி நிற்கிற பந்து வீச்சாளனுக்கு ஓரத்தில் பட்டதா என்று என்ன தெரியும்? அவன் கீப்பர் முகத்தைத்தான் பார்க்க முடியும். கீப்பர் வாயை மூடிக்கொண்டான். ஓவர் முடிந்தது. அவர் போய் அம்பயரிடம் தொப்பியை வாங்கிக்கொண்டார். பதினொரு ரன்னில் போக வேண்டிய லாம்பர்ட் நூற்று அறுபத்து மூன்று அடித்தான். தணிகாசலம் நாற்பத்து நாலு ஓவர், விக்கெட் இல்லை. அந்த டெஸ்டுக்குப் பிறகு அவருக்கு இந்திய அணியின் கதவு திறக்கவே இல்லை.

"நல்ல பந்து சார் இது, உங்க ஞாபகம் வருது" என்றான் வத்சன், மைக்கைத் திறந்துகொண்டு. தணிகாசலம் சிரித்தார். மைக்கில் "வத்சன் சார்", மனசுக்குள் "அவன்", நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. "என் ஞாபகமா? நான் போட்டா கீழ விடுவீங்களே சார்." "ஒண்ணே ஒண்ணு சார், கான்பூர்ல. அதுக்குப் பேரன் வர்ற வரைக்கும் சொல்லிக் காட்டுவீங்களா?" காதுக்குள் மெர்லின் சிரித்தாள். ஜனங்களுக்கு இந்தச் சீண்டல் பிடிக்கும். இரண்டு பழைய சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்கும்போது திரையில் பெயர் போடுவார்கள் அல்லவா, வத்சன் பெயருக்குக் கீழே நாற்பத்தெட்டு டெஸ்ட். தணிகாசலம் பெயருக்குக் கீழே மூன்று. நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் மூன்று. இட்லி கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர். அந்த நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பதை இவன் ஆடியது லாம்பர்ட் பந்துக்குப் பிறகு. எப்படி ஆடினான்? வாயை மூடிக்கொண்டதால் ஆடினான். அதற்கு முந்தைய டெஸ்டில் அம்பயரை நோக்கி ஓடிப்போய்க் கத்தினான் என்று மேட்ச் ரெஃப்ரி இவனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை தப்பாக அப்பீல் செய்தால் ஒரு டெஸ்ட் வெளியே உட்கார வைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவன் தயாராக நின்றான். அதனால், படபடத்து ஏறிய கையை இறக்கினான். தன் இடத்துக்காக அடுத்தவன் விக்கெட்டைக் கொடுத்தான். அடுத்தவன் என்றால் யார்? ஒரே அறையில் தங்கியவன். ஹோட்டல் சாப்பாடு பிடிக்காமல் இவன் சுருண்டு படுத்திருந்தபோது ரசம் சோறு தேடிக் கொண்டுவந்து கொடுத்தவன்.

மூன்று ஓவர். மைதானத்தில் ஒரு புறா மிட் ஆனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது, அதையும் வத்சன் விடவில்லை, "தணி சார், உங்களை விட நல்லா ஃபீல்டிங் நிக்குது" என்றான். நிற்கட்டும். சிரிக்கிற வரை சிரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு ஹோட்டல் லிஃப்டில் லாம்பர்ட்டைப் பார்த்தார். தொப்பை வைத்து, தலை வழுக்கையாகி, அடையாளமே தெரியவில்லை. அவன்தான் தோளைப் பிடித்தான். நாலாவது மாடியிலிருந்து தரைக்கு வருகிற நேரத்தில், வானிலையைச் சொல்கிற மாதிரி சொன்னான்: அன்றைக்கு உன் பந்து என் மட்டையில் பட்டது, நான் நின்று பார்த்தேன், உங்களில் ஒருவரும் அப்பீல் செய்யவில்லை, அதனால் ஆடினேன். லிஃப்ட் திறந்தது. கை கொடுத்துவிட்டுப் போய்விட்டான். லிஃப்ட் மறுபடியும் மூடி, மேலே போய், கீழே வந்தது. தணிகாசலம் இறங்கவே இல்லை. அதுவரை ராசி என்று நினைத்திருந்தார். ராசி கெட்டால் யாரோடு சண்டை போடுவது? ஆள் கிடைத்ததும் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அன்றையிலிருந்து கேள்வியைத் தீட்டினார். முதலில் நீளமாக இருந்தது, வசவு எல்லாம் இருந்தது. காலையில் நடக்கும்போது ஒவ்வொரு வார்த்தையாக உதிர்த்தார். இப்போது மிஞ்சியிருப்பது ஒரே வரி: "வத்சன் சார், இந்தச் சத்தம் அன்னிக்கு உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?" இரண்டே பதில். விழுந்தது என்றால், தெரிந்தே காட்டிக்கொடுத்தவன். விழவில்லை என்றால், இந்தச் சத்தம்கூடக் காதில் விழாத இவன் என்ன கீப்பர்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம். இப்படி ஒரு ஓவரை அவர் எந்த டெஸ்டிலும் போட்டதில்லை.

பள்ளம் தோண்டியாயிற்று. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, அன்றையதை மறுபடியும் மனசுக்குள் ஓட்டினார். பந்து வீசினோம், மட்டையில் பட்டது, அவன் பிடித்தான், அவன் முகத்தைப் பார்த்தோம். அப்புறம் தொப்பி. அம்பயர் கையில் தொப்பி ஈரமாக இருந்தது. இல்லை, தொப்பிக்கு முன்னால். முன்னால் என்ன, ஒன்றும் இல்லை, கூட்டத்தின் சத்தம்தான். பாட்டில், விசில். விசில் என்றதும் அந்த எழவு ரயில் விசில் வந்துவிடுகிறது. முந்தைய டெஸ்டில் ஒரு எல்பிடபிள்யூவுக்கு அவர் மட்டும் தனியாக அப்பீல் செய்தார். குரல் கீச்சென்று உடைந்துவிட்டது. ஒருவரும் கூடச் சேரவில்லை. மிட் ஆஃபில் நின்ற கேப்டன் இந்தியில் என்னவோ சொல்ல, ஸ்லிப்பில் இருந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தி தெரியாத இவருக்கு வத்சன்தான் மொழிபெயர்த்தான்: "அரக்கோணம் பாசஞ்சர் வந்துடுச்சாம்டா, எல்லாரும் ஏறிக்கோங்கன்றான்." அப்பா அரக்கோணம் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் என்பதை அணிக்குச் சொன்னவனும் வத்சனாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் பந்தை எடுத்தால் யாராவது ஒருவன் மெல்ல விசில் அடிப்பான். பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், குளியலறையில்கூட. அதுவும் கணக்கில் இருக்கட்டும். ஆனால் அது வேறு விஷயம். இதற்கும் லாம்பர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பந்து வீசினோம், பட்டது, பிடித்தான், முகத்தைப் பார்த்தோம், அப்புறம் தொப்பி. சுழற்றுகிற விரலில் இன்னும் காய்ப்பு இருந்தது. அதைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இடைவேளைக்கு முந்தைய ஓவர். வத்சன் மைக்கை மூடிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். "ஏண்டா, முகம் வெளிறிப் போயிருக்கு? சுகர் இறங்கிடுச்சா? ஒரு தட்டை சாப்பிடேன்." இந்த அக்கறைதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வேளை இவன் மறந்தே போய்விட்டானோ? அடித்தவன் மறந்துவிடுவான், பட்டவன் மறப்பதில்லை. மறந்திருந்தால் இன்றைக்கு நினைவு வரட்டும். இவன் பேத்தி பார்ப்பாள், இவன் நடத்துகிற கோச்சிங் கேம்ப்பில் இருநூறு பெற்றோர் பார்ப்பார்கள். நேர்மை, ஒழுக்கம் என்று அங்கே சுவரில் எழுதி வைத்திருக்கிறானாம். கடைசிப் பந்து. தடுத்து ஆடினான் மட்டைக்காரன். அம்பயர் கையசைக்க, தண்ணீர் வண்டி உள்ளே வந்தது. "சார், ஒரு சந்தோஷ சமாச்சாரம்" என்றாள் மெர்லின் காதுக்குள், அவசர அவசரமாக. "நீங்க கீப்பர் பக்கம் பார்க்கிற ஷாட் மட்டும்தானே கேட்டீங்க? எதிர் முனை கேமராவோட டேப்பும் கிடைச்சுடுச்சு. ரெண்டையும் ஒட்டிட்டேன். உங்க முகம் நல்லா தெரியுது. போறோம். அஞ்சு, நாலு..." எதிர் முனையா? எதற்கு எதிர் முனை? வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மைக்கின் மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வாயிலிருந்து பழக்கத்தில் வார்த்தை வந்தது: "நேயர்களே, இதே மைதானத்துல ஒரு பழைய பந்து. வத்சன் சாருக்கும் எனக்கும் ரொம்ப வேண்டிய பந்து."

முதலில் அந்த ஒன்பது விநாடி. முதுகு, கை, பந்து, மட்டை, "டிக்". கையுறை ஏறியது, நின்றது, இறங்கியது. ஓரக்கண்ணால் வத்சனைப் பார்த்தார். தட்டைத் துண்டு விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றிருந்தது. பட்டுவிட்டது, நன்றாக ஆழமாகப் பட்டுவிட்டது. இப்போது கேள்வியைப் போட வேண்டும், நாக்கு நுனியில் நிற்கிறது, "வத்சன் சார், இந்தச் சத்தம்" என்று தொடங்கிவிட்டார். அதற்குள் திரையில் படம் மாறியது. அதே பந்து, இப்போது கீப்பருக்குப் பின்னாலிருந்து. லாம்பர்ட்டின் முதுகு, வத்சனின் முதுகு, இரண்டுக்கும் நடுவில், தூரத்தில், இருபத்தொன்பது வயதுத் தணிகாசலத்தின் முகம். ஒல்லி, கறுப்பு, பெரிய மீசை. மெர்லின் அந்த முகத்தைப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து ஓட விட்டிருந்தாள். பந்து போகிறது. "டிக்". சத்தம் விழுந்த அந்தக் கணத்திலேயே அந்த முகம் மலர்கிறது. கண் விரிகிறது. வாய் திறக்கிறது. வலது கை விரல் நீட்டியபடி மேலே கிளம்புகிறது, இடுப்பு, மார்பு, கழுத்து. கண் மட்டும் ஒரு தடவை பக்கவாட்டில் மிட் ஆஃப் பக்கம் போய்வருகிறது. கேப்டன் நிற்கிற இடம். கை முகத்துக்கு வந்து சேர்கிறது. நீட்டின விரல் மடங்குகிறது. புறங்கையால் வாயைத் துடைக்கிறது, அப்படியே நெற்றியையும். அப்புறம் அந்த உருவம் திரும்பி நடந்து போய்த் தொப்பியை வாங்கிக்கொள்கிறது. தொப்பிக்கு முன்னால் இருந்தது இதுதான். எட்டு வருஷமாகக் கேள்வியைத் தீட்டியபோதெல்லாம் கால் இடறியது இந்தக் கல்லில்தான். வத்சன் காட்டிக்கொடுத்தான் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் இந்தக் கை பாதி வழியில் வந்து நிற்கும். அவர் அதைத் தள்ளிவிட்டுத் தொப்பிக்குப் போய்விடுவார். காதில் விழுந்திருக்கிறது. கூட்டம் கத்தியும் விழுந்திருக்கிறது. பந்து வீச்சாளனுக்கு என்ன தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "சார், பேசுங்க" என்றாள் மெர்லின். பேசியது வத்சன். "அந்த வெயில் இருக்கே நேயர்களே, அப்பப்பா. மனுஷன் வேர்வையைத் துடைக்கக்கூட நேரம் இல்லாம போட்டுக்கிட்டிருந்தார். இந்தச் சத்தம் அவருக்கு எப்படிக் காதுல விழும்? நான்தான் பக்கத்துல நின்னேன். நான் அப்பீல் பண்ணியிருக்கணும், கோட்டை விட்டுட்டேன். தப்பு என்னுதுதான் தணி சார், மன்னிச்சுக்கோங்க." எவ்வளவு அழகாகச் சொன்னான். எட்டு வருஷம் தோண்டின பள்ளத்தில் தானாக இறங்கி, உள்ளே நின்றபடி கை கொடுத்து இவரைத் தூக்கிவிடுகிறான். "ஐயோ, சூப்பர் வத்சன் சார்" என்று மெர்லின் காதுக்குள் உருகினாள். இந்நேரம் வீடுகளில் எல்லாரும் பெரிய மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வத்சன் பொத்தானை அமுக்கி மைக்கை மூடிவிட்டு, இவர் பக்கமாகக் குனிந்தான். "அன்னிக்கே பார்த்துட்டேன்டா, நேர் எதிர்ல நின்னவன் நான்தானே. நீ கத்துவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ கத்தியிருந்தா பின்னாலயே நானும் கத்தியிருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, என் பொண்டாட்டிகிட்டகூட" என்று மெல்லச் சொல்லி, முழங்காலில் தட்டினான். அந்தத் தட்டல் தணிகாசலத்தின் எலும்பு வரை போயிற்று. இருபத்தாறு வருஷமாக, இவன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை தின்றபோதெல்லாம், புறாவோடு ஒப்பிட்டபோதெல்லாம், அந்த மடங்கின விரலை இவன் பைக்குள் வைத்திருந்திருக்கிறான். இனிமேலும் வைத்திருப்பான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, சுகர் இறங்கிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு, காப்பாற்றிக்கொண்டே இருப்பான். காட்டிக்கொடுத்தவனோடு வாழ்ந்துவிடலாம். இதோடு முடியாது. இந்தத் தருமத்தை வாங்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனால் அந்த லிஃப்டில்தான் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கீழே தண்ணீர் வண்டி திரும்பியது. ஆட்டக்காரர்கள் தங்கள் இடங்களுக்கு நடந்தார்கள். தணிகாசலம் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரல் உடைந்துவிடுமோ என்று ஒரு பயம் வந்தது, உடைந்தால் உடையட்டும். "அது வேர்வை இல்லைங்க" என்றார். "எனக்குக் காதுல விழுந்துச்சு. அவுட்டுன்னு தெரியும். கையைத் தூக்கினேன். தனியா கத்தினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்து இறக்கிட்டேன். அந்தத் தப்பு என்னுது, அதை யாரும் எடுத்துக்க வேண்டாம்." வத்சனின் கை முழங்காலை விட்டு விலகியது. அவர் இப்போதுதான் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நான் எதுக்குப் பயந்தேன்னு சொல்லிட்டேன். வத்சன் சார் கையும் பாதி ஏறி நின்னுச்சு, நீங்க எல்லாரும் பார்த்தீங்க. அவர் எதுக்குப் பயந்தார்னு அவரே சொல்லட்டும்." இத்தனை வருஷம் ஆடியும் பேசியும் வாய் ஓயாத அந்த மனுஷன் மைக்கைப் பார்த்தான். பொத்தானை நோக்கி அவன் விரல் போக, தணிகாசலம் தன் உள்ளங்கையால் அந்தப் பொத்தானை மூடிக்கொண்டார். "சார், ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு, யாராவது பேசுங்க, சார்" என்று மெர்லின் கெஞ்சினாள். பந்து வீச்சாளன் ஓடி வந்தான், வீசினான், மட்டைக்காரன் அதை எல்லைக்கோட்டுக்கு விரட்டினான், கூட்டம் எழுந்து கத்தியது. நான்கு ரன் என்று தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை. தணிகாசலம் வத்சனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.